வன்னியில் இருந்து கோடிங் படித்தேன்: பாவித்ததில் எது நின்றது, எது நிற்கவில்லை

உயர்தரத்துக்குப் பிறகு புதுக்குடியிருப்பில் வீட்டில் இருந்தபடியே கோடிங் படித்து, இப்போது ஒரு சின்ன நிறுவனத்தில் ஜூனியராக இருக்கிறேன். என்ன பாவித்தாய், எதில் படித்தாய் என்று ஊர்ப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். கொழும்பில் ஃபைபர் இணைப்போடு இருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

லப்டொப் பாவித்ததுதான். நாலு ஜிபி ரேம், பழைய ஹாட் டிஸ்க். வாங்கியபோது ஒன் ஆகி முடிவதற்குள் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். ஹாட் டிஸ்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு, ரேமை எட்டு ஜிபி ஆக்கியதும் வேறு மெஷின் மாதிரி ஆகிவிட்டது. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டேன், பழைய மெஷினுக்குப் பாரம் இல்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது, பழைய மெஷின்கள் பலவற்றில் 11 முறைப்படி ஏறாது. அதனால் பாவித்த லப்டொப் வாங்குபவர்களுக்கு இந்த வழி இன்னும் நல்லது. கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் டெர்மினலும் தானாகப் பழகிவிடும்.

பற்றரியை மட்டும் பார்த்து வாங்குங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். இப்போது அந்த நிலை இல்லை, ஆனால் மாரியில் காத்து கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் பூட்டியது, நான் செலவழித்த காசில் மிகவும் பிரயோசனமானது.

பாடங்களுக்கு வருவோம். ஃப்ரீகோட்கேம்ப் என்ற தளம் தொடங்குவதற்கு நல்லது, இலவசம், டேற்றாவும் பெரிதாகத் தின்னாது. ஆனால் அது கைபிடித்தே கூட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு படியிலும் ஓரிரு வரியை நிரப்பி முன்னேறும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், வெறும் ஃபைலைத் திறந்தால் கை ஓடாது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற கணினி அறிமுகப் பாடம் அதற்கு நேர் எதிர். கட்டங்களை இழுத்துப் பொருத்தும் ஸ்கிராட்ச்சில் விளையாட்டாகத் தொடங்கி அடுத்த வாரமே சி மொழியில் தள்ளிவிடும். பைதன் மொழிக்கு வருவதற்குள் பலர் விட்டுவிடுவார்கள். எனக்கு அடித்தளம் போட்டது அதுதான். விரிவுரை வீடியோக்களை இரவு டேற்றாவில் இறக்கி வைத்து, ஆங்கில சப்டைட்டிலோடு பகலில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச ஃபுல் ஸ்டாக் (இணையத்தளத்தின் முகப்பு, பின்னணி இரண்டும்) பாடத்தொடரும் செய்தேன். ஆழம் குறைவு, ஆனால் சிவியில் அந்தப் பெயரைப் பார்த்தால் இங்குள்ள நிறுவனங்களுக்கு என்னவென்று தெரியும்.

நெற் இல்லாத நேரத்தில் காப்பாற்றியது இரண்டு. டெவ்டொக்ஸ் தளத்தில் வேண்டிய கோடிங் மொழியின் ஆவணங்களை ஒருதரம் இறக்கி வைத்தால், பிறகு இணைப்பே தேவையில்லை. மற்றது கிட், கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி. கொமிட் என்ற அந்தப் பதிவுகள் எல்லாம் மெஷினிலேயே இருக்கும், சிக்னல் வந்த பிறகு இணையத்துக்குப் புஷ் பண்ணலாம். யூடியூப் வீடியோவைப் பார்த்து அப்படியே தட்டிக்கொண்டு போவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. டேற்றாவும் போகும், தலையிலும் ஒன்றும் நிற்காது.

சொந்தமாக ஏதாவது செய்யத் தொடங்கிய பிறகுதான் படித்தது பிடிபடும். சித்தப்பா அறுவடைக் காலத்தில் நெல் வாங்குபவர். அவருக்காக மூடைக் கணக்குப் போடும் ஒரு சின்னப் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதினேன். முதல் மூடை 68 கிலோ, அடுத்தது 70 கிலோ என்று அவர் அடித்தார். கூட்டுத்தொகை 6870 என்று வந்தது. "ரெண்டு மூடையில ஏழு தொன்னோ? அந்தச் சாக்கு எங்க வாங்கினது, தம்பி?" என்றார். படிவத்தில் அடிப்பதை எண்ணாக அல்ல, எழுத்தாகத்தான் ஜாவாஸ்கிரிப்ட் எடுக்கும். கூட்டல் குறி போட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். நம்பர் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு எடுத்ததும் 138 வந்தது.

நேர்முகத்தில் கேட்டதும் இதைத்தான். சூமில், என் கோடை ஏற்றி வைத்திருந்த கிட்ஹப் பக்கத்தைத் திறந்து, "இந்த வரியில் ஏன் நம்பர் போட்டிருக்கிறீர்கள்?" என்றார்கள். சாக்குக் கதையைச் சொன்னேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். சான்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டால் அந்த மூடைக் கணக்குப் பக்கம் முழுவதையும் ஒரு நிமிடத்தில் தந்துவிடும். நானும் வேலையில் தினமும் பாவிக்கிறேன். ஆனால் படிக்கும் காலத்தில் அது தருவதை அப்படியே ஒட்டினால், அந்த மாதிரிக் கேள்விக்கு வாயில் ஒன்றும் வராது.

டெவலப்பர் இடத்துக்கு மட்டும் விண்ணப்பித்துக் காத்திருக்கத் தேவையில்லை. கியூஏ (மென்பொருளைச் சோதிப்பது), சப்போர்ட் (பாவிப்பவர்களின் பிரச்சினையைப் பார்ப்பது) வேலைகளுக்கும் போடுங்கள். அங்கே எரர் மெசேஜை ஒழுங்காக வாசித்து, எங்கே உடைந்தது என்று நாலு வரி தெளிவாக எழுதத் தெரிந்தவர்களைத்தான் தேடுகிறார்கள். என்னோடு படித்த தோழி ஒருத்தி விசுவமடுவில் இருந்து அப்படித்தான் உள்ளே போனாள், இப்போது டெஸ்ட்டுக்கான கோடும் அவள்தான் எழுதுகிறாள்.