கடிக்கும் பூனைக்கு வீடு பார்த்துத் தரும் காப்பகம்: ஆறு மாத அனுபவம்

சிங்கப்பூரிலுள்ள சிறிய பூனைக் காப்பகம் ஒன்றிலிருந்து இரண்டு வயதுப் பெண்பூனையை நாங்கள் தத்தெடுத்து ஆறு மாதங்கள் ஆகின்றன. பூனைக்கும் வீட்டுக்கும் அந்தக் காப்பகத்தார் பொருத்தம் பார்க்கும் முறையைப் பற்றி எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். சம்பளமில்லாத தொண்டூழியர்களை நம்பி ஓடும் இடம் அது. என் குறைகளை வைத்து யாரும் அவர்களைத் தேடிப் போய்ப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை.

பூனைக்குக் காப்பகத்தார் வைத்த பெயர் சம்பல். கருப்பும் செம்பழுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்த உடம்பு. இவ்வட்டாரத்துப் பூனைகள் பலவற்றுக்கும் இருப்பதுபோல் பிறவியிலேயே பாதியில் முறுக்கிக்கொண்ட குட்டை வால். மூன்று வாரக் குட்டியாகக் கார் நிறுத்துமிடத்துச் சாக்கடை ஒன்றில் தனியே கிடந்தவளை எடுத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். குட்டிப்பூனைகள் உலகத்தைப் பழகிக்கொள்வது பெரும்பாலும் பிறந்த இரண்டாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடைப்பட்ட காலத்தில்தான். உடன்பிறந்த குட்டியை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு கடிக்கலாம் என்ற அளவைக் குட்டி அங்கேதான் கற்கிறது. சம்பலுக்கு அந்தப் பாடம் வாய்க்கவில்லை. அவளை வளர்த்தவர் பாசத்தோடு தன் விரல்களையே விளையாட்டுப் பொருளாகக் கொடுத்தார். அவளை முதலில் கொண்டுபோன வீடு ஒன்பது நாளிலும் அடுத்த வீடு இரண்டு மாதத்திலும் திருப்பிக் கொண்டுவந்து விட்டன.

இவற்றில் எதுவும் காப்பகத்தின் இணையப்பக்கத்தில் இல்லை. அவளுடைய படத்துக்குக் கீழே ‘துறுதுறுப்பானவள், விளையாட்டுப் பிரியை’ என்ற இரண்டே விவரங்கள் இருந்தன. பன்னிரண்டு வயது மகளுக்கு விளையாட்டுத் துணை கிடைக்கும் என்று எண்ணித்தான் நாங்களும் விண்ணப்பித்தோம். முந்தைய இரண்டு வீடுகளும் இதே இரண்டு விவரங்களை நம்பித்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம். பெண் பார்க்கப் போகிறவர்களிடம் கோபக்காரியைச் ‘சுறுசுறுப்பானவள்’ என்று சொல்லி வைக்கும் தரகரின் வேலை இது. காப்பகத்தின் மீது எனக்குள்ள முதல் குறையும் பெரிய குறையும் இதுவே.

நேரில் போனபோது கேட்டது வேறு. எங்களைச் சந்தித்த தொண்டூழியர் உட்காரச் சொன்னதும் தன் முன்கையில் இருந்த பழைய தழும்புகளைக் காட்டினார். எப்போது கடிப்பாள், எங்கே கடிப்பாள், எதைப் பார்த்தால் பாய்வாள் என்பவற்றைத் தேதியோடு குறித்து வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை எங்கள் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். கடிகளில் பெரும்பாலானவை விடியலுக்கு முன்னும் பொழுது சாயும் நேரத்திலும் நடந்திருந்தன. அந்தியிலும் வைகறையிலும் வேட்டைக்குக் கிளம்புவது பூனையின் இயல்பு என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் அதை ஒருவர் உட்கார்ந்து குறித்து வைத்திருந்தார் என்பதுதான் எங்களைக் கவர்ந்தது.

விண்ணப்பப் படிவத்தில் நான்கு பக்கங்கள். சம்பளம், வீட்டின் அளவு, முன்பு விலங்கு வளர்த்த அனுபவம் எல்லாம் ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகின்றன. மற்ற மூன்றும் வீட்டின் அன்றாட ஓட்டத்தைப் பற்றியவை. வீட்டில் முதலில் எழுபவர் யார், எத்தனை மணிக்கு? மாலை ஆறிலிருந்து எட்டுவரை வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? தரையில் இழுபடும் உடை அணிபவர் உண்டா? இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவரோ நீரிழிவு நோயாளியோ வீட்டில் உண்டா? கடைசிக் கேள்வியைப் படித்ததும் என் கணவர் சிரித்தார். ஆனால் பூனையின் கூரிய பல் ஊசிபோல் ஆழமாக இறங்கும். மேலே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே கிருமி தங்கிச் சீழ் பிடிப்பது சாதாரணமாக நடப்பது. நீரிழிவு உள்ளவருக்கு அது விளையாட்டில்லை.

எங்களுடன் வசிக்கும் மாமியாருக்கு எழுபது வயது, நீரிழிவு உண்டு, வீட்டில் எப்போதும் சேலைதான். எல்லாக் கேள்விகளுக்கும் உண்மையான பதிலை எழுதினோம். நான்கு நாள் கழித்து, இந்தப் பூனையை உங்களுக்குத் தர இயலாது என்ற மறுமொழி வந்தது. காரணம் தெளிவாக இருந்தது. அத்துடன், எங்கள் வீட்டுக்கு ஒத்துவரும் என்று அவர்கள் கருதிய ஒன்பது வயது ஆண்பூனை ஒன்றின் விவரமும் இணைக்கப்பட்டிருந்தது. அப்போது எனக்குக் கோபம். இப்போது யோசித்தால், இந்தக் காப்பகத்தின் சேவையில் நான் மிக உயர்வாக மதிப்பது அந்த மறுப்பைத்தான். இரண்டு முறை திரும்பி வந்த பூனை ஒன்று கூண்டை அடைத்துக்கொண்டிருக்க, கேட்டு வந்த குடும்பத்தை வேண்டாம் என்று சொல்ல மனத்துணிவு வேண்டும்.

அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது மாமியாருக்கும் கோபம் வந்தது. ஆனால் என் கோபத்தைப் போல் அல்ல. “என்னக் கேக்காம எனக்காக நீங்களே முடிவு பண்ணுறீங்களே. நான் போய்ப் பாக்குறேன்மா” என்று அடுத்த சனிக்கிழமை கிளம்பிவிட்டார். அவருடைய ஊரில் நெல் குதிருக்குக் காவலாக வளர்ந்த பூனைகளோடு பழகியவர் அவர். யாரும் அவற்றை மடியில் வைத்துக் கொஞ்சியதில்லை, அவையும் யாரையும் கடித்ததில்லை என்பார்.

அன்று நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தொண்டூழியர் சம்பலின் அறையில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு கோல்; அதன் நுனியில் கயிறு; கயிற்றின் முனையில் இரண்டு இறகு. நாமென்றால் அதைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டுவோம். அவர் ஓர் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் இறகை மெல்ல இழுத்துக்கொண்டுபோய், பாதி வெளியே தெரிய நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தார். அரை நிமிடத்துக்கு மேல் எதுவும் அசையவில்லை. சம்பலின் கண்மணிகள் மட்டும் விரிந்துகொண்டே போயின. பிறகு பின்னங்கால்கள் மாறி மாறித் தரையை மிதிக்க, இடுப்பு ஆட, ஒரே பாய்ச்சல். பிடித்த இறகை உடனே பிடுங்காமல் அவளை நன்றாகக் கடிக்க விட்டார். இப்படி ஏழெட்டு முறை. பாய்ச்சல் தளர்ந்ததும் ஒரு கரண்டி ஈர உணவை வைத்தார். சாப்பிட்டாள், முகத்தை வழித்துக்கொண்டாள், அட்டைப்பெட்டிக்குள் போய்ச் சுருண்டுவிட்டாள். பதுங்கி, துரத்தி, பிடித்து, தின்று, நக்கித் துடைத்து, தூங்குவது என்ற வரிசை முழுதாக முடிந்தால்தான் பூனை அடங்கும். பாதியில் அறுபட்டால் மீதியை நம் கணுக்காலில் முடித்துக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். சுவரில் ஓடும் லேசர் ஒளிப்புள்ளியை அவர் பரிந்துரைக்காததற்கும் இதே காரணம். அதைப் பூனையால் ஒருபோதும் பிடிக்க முடியாது.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், “இது கடிக்கிற பூன இல்ல. வேல இல்லாத பூன” என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதைத் தொண்டூழியர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அன்றே முடிவு மாறிவிடவில்லை. தத்துக் கொடுப்பதற்குப் பதிலாக நான்கு வாரத் தற்காலிக வளர்ப்புக்கு மட்டும் சம்மதித்தார்கள். மாமியார் தன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்; முதல் இரண்டு வாரம் அவர் இருக்கும் நேரத்தில் பூனையை வீட்டில் தனியே உலவ விடக் கூடாது; கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றே மருந்தகம் போய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவை எழுத்தில் இருந்தன. எங்களுக்குச் சாதகமாக அமைந்தது என் கணவரின் வேலை நேரம் என்று பின்னர் தெரிந்தது. பேருந்து ஓட்டுநரான அவர் அதிகாலை நான்கு மணிக்கே எழுபவர். விடியலுக்கு முன் விழித்திருந்து, இருபது நிமிடம் கோல் ஆட்டக்கூடிய ஆள் அந்தப் படிவங்களில் வேறு யாரும் இல்லையாம்.

இங்கே ஒரு பின்னணியைச் சொல்ல வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்பதற்குப் பல ஆண்டுகளாகத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல்தான் ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்க அனுமதி. மைக்ரோசிப் பொருத்தி உரிமம் எடுக்க வேண்டும், அதற்கு இணையவழிப் பாடம் ஒன்றையும் முடிக்க வேண்டும். அதற்கு முன்பும் வீடுகளில் பூனைகள் இருந்தன. சத்தம் போடாமல் இருந்தன. மடியில் படுத்துத் தூங்கும் பூனைக்கு அந்தக் காலத்திலும் இடம் கிடைத்தது. விடியற்காலை நான்கு மணிக்குக் கதவைப் பிறாண்டிக் கத்துகிறவளுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? அண்டை வீட்டார் ஒரு புகார் கொடுத்தால் பூனை வெளியே போக வேண்டியதுதான். சம்பலைப் போன்றவை கூண்டிலேயே தேங்கிப்போனதற்குக் குணம் பாதிக் காரணம் என்றால் அந்த அச்சம் மீதிப் பாதி என்று காப்பகத்தில் சொன்னார்கள்.

சன்னல்களுக்கும் வாசல் இரும்புக் கதவுக்கும் வலை அடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய கட்டாய நிபந்தனை. நாங்கள் பதினோராவது மாடியில் இருப்பதால் அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் சோதனைக்கு இரண்டு முறை நாள் குறித்துவிட்டு வரவில்லை. என் மகள் இரண்டு சனிக்கிழமை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சின்ன அறை ஒன்றில், காப்பகத்திலிருந்து கூடவே கொடுத்தனுப்பிய அதே அட்டைப்பெட்டிக்குள் அவள் இருந்தாள். காப்பகப் பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தால் பதற்றம் விரைவாகக் குறைகிறது என்று நெதர்லாந்தில் 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மூலையில் கிடக்கும் அந்தச் சாதாரண அட்டைப்பெட்டிக்கு ஈடான பொருளை நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

காப்பகம் கொடுத்த இரண்டு பக்கக் குறிப்பேடு மிகச் சிறந்தது. தடவிக் கொடுக்கும்போது மூன்று தடவலோடு நிறுத்திவிட்டு, அவளாகத் தலையை முட்டினால் மட்டும் தொடர வேண்டும். வால் நுனி அடித்துக்கொண்டாலோ, காது பக்கவாட்டில் திரும்பினாலோ, முதுகுத்தோல் நீரில் காற்று பட்டதுபோல் சிலிர்த்தாலோ கையை எடுத்துவிட வேண்டும். அந்தச் சிலிர்ப்பை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் மகள். அவள் கையை எடுத்து மூன்று விநாடிகூட ஆகியிருக்காது, சம்பல் காற்றைக் கடித்தாள். கடித்தால் கத்தக் கூடாது, அடிக்கவே கூடாது, கையை வெடுக்கென்று இழுக்கவும் கூடாது. இழுத்தால் அது ஓடும் இரை. மாமியார் சேலைக் கொசுவத்தைச் சற்று உயர்த்திக் கட்டத் தொடங்கினார். அது குறிப்பேட்டில் இல்லாத அவருடைய சொந்த ஏற்பாடு.

சேவை கைவிட்டது மூன்றாவது வாரத்தில். தாழ்வாரத்தில், கருத்தடை செய்த அடையாளமாக இடது காது நுனி வெட்டப்பட்ட தெருப்பூனை ஒன்று வந்து எங்கள் இரும்புக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தது. உள்ளே சம்பல் உடம்பு இரண்டு மடங்காகும்படி சிலிர்த்து உறுமினாள். அந்த நேரம் பார்த்து மகள் குறுக்கே நடந்தாள். எட்டாத பூனை மீதிருந்த வெறி எட்டிய காலில் இறங்கியது. நான்கு பல் குறி, மருந்தகம், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. வாட்ஸ்அப்பில் அன்று மாலையே காப்பகத்துக்கு எழுதினேன். முதல் இரண்டு வாரம் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொன்னவர்களிடமிருந்து இரண்டு நாள் எந்தப் பதிலும் இல்லை. பூனையைத் திருப்பித் தரும் வீடுகள் அந்த இரண்டு நாளில்தான் திருப்பித் தருகின்றன என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. பதில் வந்தபோது அது சரியான பதிலாகவே இருந்தது: ஒரு நாள் முழுவதும் இருட்டான அறையில் தனியே விட வேண்டும், கதவின் கீழ்ப்பாதியை மறைத்துவிட வேண்டும். மறைத்தோம். அது மறுபடி நடக்கவில்லை.

நான்கு வாரம் முடிந்து உரிமத்தை என் பெயரில் எடுத்தோம். இப்போது அவளுக்கு உணவு கிண்ணத்தில் கிடைப்பதில்லை; முட்டை அட்டையின் குழிகளில் உலர் உணவைப் போட்டு மேலே காகிதம் கசக்கி வைக்கிறோம், தோண்டி எடுத்துத் தின்கிறாள். கடந்த மாதம் ஒரே ஒரு கடி, அதுவும் தோல் கிழியவில்லை. மடியில் உட்காரும் பூனையாக அவள் மாறவில்லை. மாறுவாள் என்று காப்பகமும் சொல்லவில்லை. அவளுக்கு இணையான வேகமுள்ள இன்னொரு இளம்பூனையைச் சேர்த்தால் நல்லது என்கிறார்கள். சட்டம் இடம் கொடுக்கிறது, என் கணவரின் தூக்கம் இடம் கொடுக்குமா என்பது வேறு விஷயம்.

போக விரும்புகிறவர்களுக்கு: இதுபோன்ற சிறு காப்பகங்களுக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். சன்னல், கதவுப் படங்களைக் கையோடு கொண்டுபோனால் ஒரு வாரம் மிச்சமாகும். வீட்டுப் பெரியவர்களை முதல் நாளே அழைத்துப் போங்கள். அன்றைக்கே கூண்டோடு திரும்ப வேண்டும் என்பவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது. விண்ணப்பித்த நாளிலிருந்து சம்பல் எங்கள் வாசலுக்கு வர ஏழு வாரம் ஆயிற்று. எந்தப் பூனையானாலும் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இணையப்பக்கத்தில் இருப்பதை நம்பிப் போகாதீர்கள்.