ரிச்சி ஸ்ட்ரீட்ல "ரெடிமேட்" ஃபெரிக் க்ளோரைடு வாங்கப் போறீங்களா, கையோட ஒரு ஆணி எடுத்துட்டுப் போங்க

கடை பேரு போடல, போட்டா அது வேற பஞ்சாயத்து. வீட்லயே பிசிபி, அதாவது எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு, போடறவங்க யாராவது இதே ஆள்கிட்ட மாட்டிக்கக் கூடாதுன்னுதான் எழுதறேன்.

எல்எம் 317ங்கற வோல்டேஜ் ரெகுலேட்டர் ஐசி வெச்சு ஒரு சின்ன பவர் சப்ளை பண்ணணும்னு ரொம்ப நாள் ஆசை. லேஅவுட் போட்டு, லேசர் பிரின்ட் எடுத்து, அயர்ன் பாக்ஸால தேய் தேய்னு தேய்ச்சு டோனர் (பிரின்டர் மை) காப்பர் ஒட்டின போர்டுல அழகா இறங்கிருச்சு, ஒரு ட்ராக் கூட விட்டுப் போகல (நாலாவது அட்டெம்ப்ட்லதான், அது தனி சோகம்). மை இல்லாத இடத்துல காப்பர அரிச்சு எடுக்கற ஃபெரிக் க்ளோரைடு தீர்ந்து போச்சேன்னு சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் (சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற தெரு) போனேன். எப்பவும் வாங்கற கடைல ஸ்டாக் இல்ல. பக்கத்து சந்துல ஒருத்தர், "கட்டியெல்லாம் இப்ப யாரு சார் வாங்கறா, கரைக்கணும் வடிகட்டணும், இது ரெடிமேட், அப்படியே ஊத்திக்கலாம்"னு ஒரு லிட்டர் பாட்டில எடுத்து வெச்சாரு. ப்ரவுன் பாட்டில், உள்ள என்ன கலருன்னே தெரியல, லேபிள் கிடையாது. 350 ரூபா. பில் கேட்டேன், சிரிச்சாரு. நானும் சிரிச்சிட்டு வாங்கிட்டு வந்துட்டேன், என்னத்த சொல்ல.

நல்ல சொல்யூஷனா இருந்தா நம்ம ஊரு வெயிலுக்கு சூடு பண்ணக்கூட வேணாம், ட்ரேய ஆட்டிக்கிட்டே இருந்தா கால் மணி நேரம், மிஞ்சிப் போனா 20 நிமிஷம், காப்பர் கரைஞ்சு வேலை முடிஞ்சிரும். இது அரை மணி நேரம் ஆகியும் லேசா மங்குனதோட சரி. ட்ரேய சுடுதண்ணி மேல வெச்சு ஆட்டினேன், கை கடுத்துப் போச்சு. ஒன்றரை மணி நேரம் கழிச்சு எடுத்தா நடுவுல காப்பர் திட்டு திட்டா அப்படியே நிக்குது, ஓரத்துல மட்டும் டோனருக்கு அடியில பூந்து ட்ராக்க அரிச்சு வெச்சிருக்கு. போர்டு குப்பை.

அப்பதான் சந்தேகம் வந்து வெள்ளை சாஸர்ல நாலு சொட்டு விட்டு தண்ணி கலந்து பார்த்தேன். புதுசுன்னா மஞ்சளா, வரக்காப்பிய தண்ணி ஊத்தி இளக்கின மாதிரி இருக்கும். இது பாசி பிடிச்ச குளத்துத் தண்ணி மாதிரி பச்சை. ஒரு இரும்பு ஆணிய உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேய்ச்சு பாட்டில்ல பாதி முக்கி, கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்தேன். முக்கின பாதி வரைக்கும் செம்பு நிறம், விரலால தேய்ச்சா செக்கச்செவேல்னு ஒட்டுது. புது ஃபெரிக் க்ளோரைடு ஆணிய அரிக்கும், ஆனா செம்பு பூசாது, ஏன்னா அதுல செம்பே இருக்காது. இது ஏற்கனவே யாரோ எவ்வளவோ போர்ட முக்கி எடுத்து, காப்பரெல்லாம் உள்ள கரைஞ்சு செத்துப் போன தண்ணி. அதாவது எவனோ கீழ கொட்ட வேண்டிய கழிவ நான் 350 ரூபா குடுத்து பஸ்ல மடியில வெச்சு பத்திரமா தூக்கிட்டு வந்திருக்கேன்.

அடுத்த சனிக்கிழமை ஆணியோட போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு "ஆணி துரு பிடிச்சிருக்கு சார்"னாரு. கெமிக்கல் ரிட்டர்ன் கிடையாதாம்.

கட்டியாவே வாங்குங்க, மஞ்சளா கடுகு அரைச்ச கலர்ல இருக்கும், ஈரம் இழுத்து கசகசன்னு இருந்தாலும் வேலை செய்யும். கருப்பு பவுடரா குடுத்தா அதுவும் ஓகேதான், ஆனா தண்ணில போட்டா கொதிக்கற அளவுக்கு சூடேறும், அதனால தண்ணி மேல பவுடர கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, பவுடர் மேல தண்ணிய ஊத்தாதீங்க. நான் அரை கிலோ கட்டி வாங்கி அதே லேஅவுட்ட திரும்பப் போட்டேன், 14 நிமிஷத்துல முடிஞ்சுது.

அந்த பாட்டில் இன்னும் பால்கனிலதான் நிக்குது. சிங்க்ல ஊத்த முடியாது, செம்புத் தண்ணி. வாஷிங் சோடா போட்டு செம்ப கசடா அடியில இறக்கணும், அதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போகும். வீட்ல தினமும் "அது எப்ப போகும்"னு கேக்கறாங்க.