பிரசவ வலிக்கு ரப்பர் சுடுதண்ணீர்ப் பை

பாமசியில் கிடைக்கும் 2 லீட்டர் பையே எங்கள் முதல் தெரிவு. நுவரெலியாக் குளிருக்கு இன்னும் இதம். மூடியின் வாஷரைக் கடையிலேயே பாருங்கள், கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கொதிதண்ணீர் வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். சற்று ஆறியதை மூன்றில் இரண்டு பங்கு ஊற்றி, பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றிய பிறகே மூடியை இறுக்குங்கள். காற்று நின்றால் பை உருண்டு நிற்கும், முதுகில் படியாது. துவாயில் சுற்றி அடிமுதுகில் 20 நிமிடம். தோல் சிவந்தால் உடனே எடுங்கள். முதுகில் மரப்பு ஊசி போட்டவருக்குச் சூடு தெரியாது, மரத்த இடத்தில் வைக்கவே கூடாது. இடுப்பெலும்பே பிளப்பதுபோல் வலித்தால், வலி எழும்போதெல்லாம் துணைக்கு நிற்பவர் உள்ளங்கை அடியால் அங்கே அழுத்திப் பிடிப்பது பையைவிடக் கைகொடுக்கும். லேபர் ரூமுக்குள் பையை விடுவார்களா என்று கிளினிக் மிஸ்ஸியிடம் முன்பே கேளுங்கள்.