பொம்மையா, நடிகரா, பெட்டியா? மருத்துவச் சிமுலேஷனில் எதற்கு எது

நிஜ நோயாளியைத் தொடுமுன் மருத்துவ மாணவர்களைப் போலிச் சூழலில் பழக்குவதுதான் சிமுலேஷன். அதற்கு ஒரு கூடம் அமைக்கப் பணம் வந்துவிட்டால் பெரும்பாலும் முதலில் வாங்குவது அந்தப் பெரிய பொம்மையைத்தான். மார்பு ஏறி இறங்கும், கண்மணி விரியும், மணிக்கட்டில் நாடி தட்டும். பக்கத்து அறையில் ஒருவர் மைக்கைப் பிடித்தால் "டாக்டர், மூச்சு முட்டுது" என்று முனகும். பார்வையிட வருகிறவர்களுக்குக் காட்ட இதைவிடத் தோதான பொருள் கிடையாது. எதைச் சொல்லிக்கொடுக்க வாங்கினீர்கள் என்று கேட்டால்தான் கொஞ்சம் தடுமாறுவார்கள். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பொம்மையிலிருந்தே தொடங்குவோம். நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில் விளையாட்டுப் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டால் 1960-இல் கொண்டுவந்த 'ரெசசி ஆன்'தான் இந்தக் குடும்பத்தின் மூத்தவள். அவளிடம் இருந்தது ஊதினால் உயரும் நெஞ்சும், அழுத்தினால் மீண்டு வரும் ஸ்பிரிங்கும்தான். நின்றுபோன இதயத்துக்குச் செய்யும் உயிர்ப்பிப்பு முதலுதவிக்கு (சி.பி.ஆர்.) இன்றைக்கும் அதற்கு மேல் பெரிதாக எதுவும் தேவைப்படுவதில்லை. நெஞ்சை 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, முழங்காலிட்டு இரண்டு நிமிடம் அழுத்திப் பார்ப்பது வேறு. இரண்டாவது நிமிடத்தில் ஆழம் குறையத் தொடங்குவது அழுத்துகிறவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஆழத்தை அளந்து சொல்லும் ஒரு சின்னக் கருவி இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். அரை உடல் பொம்மையே இதற்குப் போதும்.

அப்படியானால் விலையுயர்ந்த பொம்மைக்கு என்ன வேலை? குழு நெருக்கடிக்குத்தான். 1980-களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு மயக்கவியல் மருத்துவர் டேவிட் காபா, விமானிகளுக்குத் தரும் குழுப் பயிற்சியின் முறையை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுவந்தார். ஆக்சிஜன் அளவு இறங்குகிறது, ரத்த அழுத்தம் விழுகிறது, நான்கு பேர் நிற்கிறார்கள். ஒருவர் "அட்ரினலின் போடுங்க" என்று பொதுவாகச் சொல்கிறார். அடுத்தவர் போடுவார் என்று மற்ற மூவரும் சும்மா நிற்கிறார்கள். யாரிடம் சொல்கிறோம் என்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், செய்தவர் "போட்டாச்சு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். இந்தப் பழக்கம் கைக்கு வர, எண்கள் மாறிக்கொண்டே இருக்கும் மானிட்டரும் உடனுக்குடன் எதிர்வினை காட்டும் பொம்மையும் உதவும்.

ஆனால் நிஜம்போல இருந்தால் நன்றாகக் கற்பார்கள் என்ற நம்பிக்கை அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. ஜெஃப் நார்மனும் சக ஆய்வாளர்களும் 2012-இல் இதய ஒலி கேட்பது, அடிப்படைக் கைத்திறன், நெருக்கடியைச் சமாளிப்பது ஆகியவற்றில் விலையுயர்ந்த கருவியையும் எளிய கருவியையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எதுவும் இல்லாததற்கு இரண்டுமே மேல்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் பெரும்பாலும் சொற்பம். கொள்முதல் கூட்டங்களில் இதை யாரும் வாசித்துக் காட்டுவதாகத் தெரியவில்லை.

அப்புறம், பொம்மைக்கு முகம் சுளிக்கத் தெரியாது. அந்த இடத்தில்தான் நோயாளியாக நடிப்பவர் வருகிறார். நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963-இல் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாடல் பெண்ணுக்கு நரம்பு நோயாளியின் அறிகுறிகளைப் பழக்கி, மாணவர்கள் முன் உட்கார வைத்தார். 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டன் வடிவமைத்த ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வில், மேசைக்கு மேசை நகரும் மாணவர்களுக்கு இப்படிப்பட்டவர்கள் இன்றைக்கும் காத்திருக்கிறார்கள். நடிப்பவரின் பெரிய பலம், எல்லாம் முடிந்த பிறகு அவர் வாய் திறப்பது. "வயித்தை அழுத்தும்போது நீங்க என் முகத்தைப் பார்க்கவே இல்லை" என்று அவர் சொல்லும்போது மாணவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். கெட்ட செய்தி சொல்வது, கோபமான உறவினரிடம் பேசுவது, ஒப்புதல் வாங்குவது ஆகியவற்றுக்கு என்னைக் கேட்டால் வேறு தேர்வே கிடையாது.

குறைகளும் உண்டு. முப்பதாவது மாணவரிடமும் அதே தலைவலியை அதே மாதிரி சொல்ல அவருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஊசி குத்த முடியாது, குழாய் போட முடியாது. (தையல் போடும் சிலிகான் பட்டையை அவர் கையில் கட்டிவிட்டு, தைத்துக்கொண்டே பேசவைக்கும் கலப்பு முறை ஒன்று இருக்கிறது. மலிவு, அபாரம்.) பெரிய அளவில் நடத்தினால் செலவும் ஏறும். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் 2004-இல் சேர்த்த நடிகர்-நோயாளித் தேர்வுக்கு எதிராகக் கட்டணம், பயணச் செலவு பற்றிய புகார்கள் நெடுநாள் இருந்தன. கொரோனாவில் நிறுத்தியதை 2021-இல் ஒரேயடியாகக் கைவிட்டார்கள்.

லேப்ராஸ்கோபிக்கு, அதாவது சிறு துளை வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் அறுவைக்கு, வந்தால் போட்டி பெட்டிக்கும், கணினித் திரையில் அறுவையைக் காட்டும் வி.ஆர். (மெய்நிகர்) கருவிக்கும். பெட்டி என்றால் நிஜமாகவே பெட்டிதான்: இரண்டு துளை, உள்ளே கேமரா, எதிரே திரை. முதல் பயிற்சி ஆறு சின்னத் துண்டுகளை முளையிலிருந்து எடுத்து, அந்தரத்திலேயே ஒரு கைக் கருவியிலிருந்து மறு கைக் கருவிக்கு மாற்றி, எதிர்ப்பக்க முளையில் மாட்டுவது. மாட்டியதும் திரும்பவும் பழைய இடத்துக்கு. குழந்தை விளையாட்டு போலத் தோன்றும். கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் முனை இடப்பக்கம் போகும். திரையில் ஆழம் தெரியாது. முதல் நாள் துண்டுகள் பெட்டியின் அடியில் கிடக்கும். பத்து நாள் கழித்து, யோசிக்காமலே கை அந்தத் தலைகீழ்க் கணக்கைப் போட்டுவிடும்.

வி.ஆர். கருவியோ முனை நகர்ந்த பாதையின் நீளம், எடுத்த நேரம், செய்த தவறு என்று எல்லாவற்றையும் தானே குறித்துக்கொள்ளும். யேல் பல்கலைக்கழகத்தில் 16 அறுவைப் பயிற்சி மருத்துவர்களை வைத்து நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், வி.ஆர். பயிற்சி பெற்றவர்கள் நிஜ நோயாளியிடம் பித்தப்பையைப் பிரிக்கும் வேலையை 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். பயிற்சி பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. வலுவான சான்றுதான். ஆனால் அங்கே ஒப்பிட்டது வழக்கமான பயிற்சியோடு, பெட்டியோடு இல்லை. நிஜ நூலின் இழுப்பையும் முடிச்சின் இறுக்கத்தையும் பெட்டி சும்மாவே தருகிறது. கருவியோ அதற்கு மோட்டார் வைத்துப் போராட வேண்டியிருக்கிறது. முதல் சில மாதம் பெட்டி, முழு அறுவையின் படிநிலைகளுக்கு வி.ஆர். என்பதே என் கட்சி.

கூடத்தில் செய்வதா, வார்டிலேயே செய்வதா என்பது இன்னொரு சச்சரவு. வார்டில் செய்தால் மருந்து அலமாரிச் சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாதது வெளியே வரும். இடம் நெருக்கடி, நிஜ நோயாளிகள் காத்திருப்பார்கள், போலி மருந்து நிஜ மருந்தோடு கலந்துவிடாமல் பார்க்கவும் வேண்டும்.

ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2011-இல் டேவிட் குக் குழு 609 ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஒன்றும் செய்யாததோடு ஒப்பிட்டால் சிமுலேஷன் ஜெயிக்கிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிட்டது. அதையே திரும்ப நிரூபிப்பதில் பயனில்லை. "பயிற்சி பிடித்திருந்ததா" என்ற படிவமும் எதையும் சொல்லாது. நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டலின் சவுத்மீட் மருத்துவமனையில், தலை வந்தபின் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் பிரசவத்துக்கு எல்லா ஊழியர்களுக்கும் பயிற்சி தந்த பிறகு, அத்தகைய பிரசவங்களில் குழந்தை காயப்படுவது 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாக இறங்கியது. 2008-இல் வெளியான ஆய்வு. எண்ணினால் இப்படி எண்ண வேண்டும்.

சரி, பணம் குறைவு என்றால்? நான்கு பெட்டி, சில அரை உடல் பொம்மை, நன்றாகப் பழக்கிய பத்து நடிகர்கள். பெரிய பொம்மை பிறகு வரட்டும். மிச்சப் பணத்தில், பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து பேசவைக்கத் தெரிந்த இருவரை உருவாக்குவேன். "ஏன் அட்ரினலின் போடல?" என்று கேட்டால் மாணவர் தலையைக் குனிந்துகொள்வார். "அந்த நேரத்துல உங்க கவனம் எதுல இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொல்வார்: "அலாரத்தை நிறுத்துற பட்டன் எங்க இருக்குன்னு தேடிட்டு இருந்தேன் சார்."