குஞ்சுகளுக்கு எந்தக் கூளம்: மரச்சீவலா, உமியா?

கோழிக்குஞ்சுகளைச் சூடு கொடுத்து வளர்க்கும் அடைப்பான புரூடரில், தரையில் விரிக்கும் கூளமாக வழக்கமாக நான்கு பொருட்களைச் சொல்வார்கள்: செய்தித்தாள், மரத்தூள், உமி, மரச்சீவல். எங்கள் தேர்வு மரச்சீவல். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

செய்தித்தாளை மட்டும் விரித்தால் வழுக்கும். பொரித்த புதிதில் பிடிமானம் கிடைக்காத குஞ்சுக்குக் கால்கள் பக்கவாட்டில் அகன்றுபோகும், பிறகு நிற்கவே திணறும். மரத்தூளைத் தீவனம் என்று கொத்தி விழுங்கும், இரைப்பை அடைத்துக்கொள்ளும். தூசி வேறு. இரண்டும் வேண்டாம்.

உண்மையான போட்டி உமிக்கும் சீவலுக்கும்தான். முடிவு செய்வது ஈரம். குஞ்சு தின்னும் தீவனத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு எடைத் தண்ணீர் குடிக்கிறது. அதில் பெரும்பங்கு எச்சமாகக் கூளத்துக்கே வருகிறது. உமியின் மேல்தோல் சிலிக்கா நிறைந்தது, நீரை அவ்வளவாக உறிஞ்சாது. ஈரம் அடியில் இறங்கித் தரையோடு தங்கிவிடும். மேலே பார்த்தால் காய்ந்த மாதிரியே இருக்கும், அதுதான் ஏமாற்று. சீவல் ஈரத்தைத் தன்னுள் இழுத்துக்கொண்டு, கிளறிவிட்டால் காற்றில் விட்டுவிடும். கூளம் நனைந்தே கிடந்தால் அம்மோனியா கிளம்பிக் கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும். இரத்தக் கழிச்சல் கிருமியின் முட்டைகளும் வெதுவெதுப்பான ஈரத்தில் ஓரிரு நாளிலேயே தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும்.

ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கை விரித்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. கையில் சற்றும் ஒட்டாமல் தூசியாகப் பறந்தால் அதுவும் நல்லதல்ல.

சீவலைப் பொறுக்கி எடுக்க வேண்டும். ரசாயனம் ஏற்றிய மரம், வார்னிஷ் பூசிய பலகை, பிளைவுட் இவற்றின் சீவல் கூடாது. சீடர் (cedar) மாதிரி நெடி மிகுந்த மரமும் ஆகாது. அதன் எண்ணெய் மூச்சைப் பாதிக்கும். பூசண வாடை அடிக்கும் மூட்டையைத் திறந்ததுமே ஒதுக்குங்கள்: அந்தப் பூஞ்சை குஞ்சின் நுரையீரலில் குடியேறும். வெயிலில் காயவைத்து, தூளைச் சலித்துவிட்டு, 5 செ.மீ. தடிமனுக்குப் பரப்பலாம். முதல் மூன்று நாள் அதன்மேல் சொரசொரப்பான காகிதம் போட்டுத் தீவனத்தைத் தூவினால், எது இரை என்று குஞ்சு பழகிக்கொள்ளும். காகிதத்தைத் தினமும் மாற்றுங்கள்.

தண்ணீர்த் தட்டின் விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்தில் இருக்கட்டும். பாதிச் சிந்தல் அதிலேயே நின்றுவிடும். மிச்சம் நனைந்த இடத்தைக் கிளறிவிட்டால் போதாது, வாரி எறிந்து புதுச் சீவல் போட வேண்டும்.

உமிதான் கிடைக்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் அடிவரை கைவிட்டுத் தினமும் கிளறுங்கள். நொய்யும் தவிடும் அதிகம் கலந்த உமி வேண்டாம். குஞ்சுகள் அதையே மேய்ந்துகொண்டிருக்கும். தென்னை நார்க் கழிவு இவை இரண்டையும்விட அதிகம் உறிஞ்சும்; ஆனால் காய்ந்தால் புழுதி கிளப்பும் என்பதால் வளர்ந்த கோழிக்கென்று ஒதுக்கிவைப்போம். எதைப் போட்டாலும், ஒரு தொகுதி வளர்ந்த கூளத்தை அடுத்த தொகுதிக் குஞ்சுகளுக்குத் திரும்பப் போடாதீர்கள்.