சீரியல் விளக்கின் பிளக் போனால்: புதுப் பிளக்கா, பழைய சரத்தின் பிளக்கா?

எல்இடி சீரியல் விளக்கில் பல்புகள் எல்லாம் நன்றாக இருக்கும், பிளக் மட்டும் போயிருக்கும். ஒயர் பிளக்கை விட்டு வெளியே வரும் கழுத்தில் மடங்கி மடங்கி உள்ளே முறிந்திருக்கும், இல்லையென்றால் பின் ஆடிக்கொண்டிருக்கும். திருகு வைத்த புதுப் பிளக் போடலாம். வேறொரு பழைய சரத்தின் வார்ப்புப் பிளக்கை (ஒயரோடு சேர்த்தே வார்த்த, திறக்க முடியாத பிளக்) ஒயரோடு வெட்டி ஒட்டலாம். அடாப்டர் வகையானால் அடாப்டரையே மாற்றலாம். டேப் சுற்றிச் சமாளிப்பதை நான் ஒரு வழியாகவே சேர்க்கவில்லை. முறிந்த கம்பியை டேப் ஒட்ட வைக்காது, மறைத்துத்தான் வைக்கும்.

எந்த வழி சரி என்பதைப் பிளக்கின் உள்ளே இருப்பதுதான் முடிவு செய்கிறது. சில பிளக்குகளில் இரண்டு பின்னும் இரண்டு ஒயரும் தவிர வேறொன்றும் இல்லை. சிலவற்றில் ஒரு சிறு ஃபியூஸ் இருக்கும். இன்னும் சிலவற்றில் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் டையோடுகளையே உள்ளே வைத்து வார்த்திருப்பார்கள். ஆகவே சுவரிலிருந்து கழற்றிய பிறகு, பிளக் பக்கம் ஒரு விரல் நீளம் ஒயரை விட்டு வெட்டுங்கள். பின்னுக்கும் வெட்டிய முனைக்கும் இடையில் மல்டிமீட்டரை வையுங்கள். இரு திசையிலும் பூஜ்ஜியத்தை ஒட்டிய மின்தடை காட்டினால் அது வெறும் இணைப்பு. டையோடு அளவையில் ஒரு திசையில் மட்டும் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்டினால் உள்ளே டையோடு இருக்கிறது. முறிவு கழுத்தில் இருக்கும் என்பதால் ஒயரை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும். ஒயரில் பொத்தான் வைத்த சிறு பெட்டி இருந்தால் டையோடுகள் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். அப்போது வேலை எளிது.

டையோடு பிளக்கை எடுத்துவிட்டு வெறும் பிளக்கைப் போட்டாலும் விளக்கு எரியத்தான் செய்யும். ஏமாற வைப்பதே அதுதான். ஒளி மங்கிச் சிமிட்டும். அதோடு ஒவ்வொரு சுழற்சியின் மறுபாதியிலும் எல்இடிகள் தலைகீழ் மின்னழுத்தத்தைத் தாங்க வேண்டும். 230 வோல்ட் இணைப்பில் அதன் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். பொதுவாக 5 வோல்ட் தலைகீழ் மின்னழுத்தத்துக்கே உறுதி தரப்படும் எல்இடிகள் இதைத் தங்களுக்குள் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் என்று யாரும் சொல்ல முடியாது.

வெறும் பிளக் என்று உறுதியானால் புதுப் பிளக் நல்ல தேர்வு. ஆனால் அதன் ஒயர்ப் பிடிப்பு தடித்த கேபிளுக்காகச் செய்யப்பட்டது. சீரியல் ஒயரில் பருமனாகத் தெரிவது மேலுறைதான். உள்ளே இருப்பவை முடி போன்ற சில இழைகள். திருகை முறுக்கும்போது அவை நசுங்கி அறுந்துபோகும். இழைகளை முறுக்கி, இரண்டாக மடித்து, திருகு சுற்றும் திசையிலேயே வளைத்து வையுங்கள். முனையில் ஈயம் வைத்துத் தடிமனாக்கும் பழக்கம் வேண்டாம். ஈயம் அழுத்தத்தில் மெல்ல வழிந்துகொடுக்கும், நாளடைவில் திருகு தளர்ந்துவிடும். ஒயர்ப் பிடிப்பு பிடிக்கவில்லையென்றால் ஒயரின் மேல் இரண்டு அடுக்கு ஸ்லீவ் (குழாய் போன்ற காப்பு உறை) ஏற்றிப் பருமனாக்கலாம். பழைய பிளக்கில் ஃபியூஸ் இருந்திருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். 10, 16 ஆம்பியருக்கு விழும் சுவர்ப் பிரேக்கர் இந்த மெல்லிய ஒயரைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

என் ஓட்டு பழைய சரத்தின் பிளக்குக்குத்தான், அது அதே வகையாக இருந்தால். கழுத்துப் பகுதி வார்ப்பாகவே வருகிறது, ஃபியூஸும் டையோடும் கூடவே வந்துவிடுகின்றன. ஆனால் மின்சாரம் ஓடும் திசையும் சேர்ந்து வருவதால் டையோடு பிளக்கில் பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. இதன் பலவீனம் நடுவில் வரும் ஒட்டு. இரண்டு ஒயர்களையும் ஒரே இடத்தில் ஒட்டாமல் மூன்று சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி ஒட்டினால், உறை கிழிந்தாலும் ஒன்றையொன்று தொடாது. சூட்டில் சுருங்கும் ஸ்லீவை முதலிலேயே ஒயரில் கோத்துவிட வேண்டும். சால்டர் செய்து முடித்த பிறகு அதை நுழைக்க வழியில்லை. சில மலிவு ஒயர்கள் செம்பு பூசிய இரும்பு. காந்தம் ஒட்டினால் தெரிந்துவிடும். பூச்சைச் சுரண்டாமல் சால்டர் செய்யுங்கள்.

அடாப்டர் வகைக்கு மாற்று அடாப்டர்தான். திறந்து பழுது பார்ப்பதில் பொருளில்லை. வோல்ட், வெளியீடு நேர்மின்சாரமா மாறுமின்சாரமா என்ற இரண்டும் பழைய லேபிளோடு அச்சாகப் பொருந்த வேண்டும். சில சரங்களில் பாதி பல்புகள் எதிர்த்திசையில் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு வெறும் நேர்மின்சார அடாப்டர் கொடுத்தால் பாதிதான் எரியும். யுஎஸ்பி பிளக்கில் ஷாக் பயம் இல்லை என்று அவசரப்பட வேண்டாம். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் பல நேரங்களில் அந்தப் பிளக்கின் உள்ளேதான் இருக்கிறது. அது இல்லாமல் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் எல்இடி கருகும்.

பிளக் உருகியோ பழுப்பேறியோ இருந்தால் கதை வேறு. 5 வாட் எடுக்கும் சரத்தில் 230 வோல்ட்டில் ஓடுவது சுமார் 0.02 ஆம்பியர். அது பிளக்கைச் சுட வைக்காது. பிளக்கின் முதுகில் வேறு எதையாவது செருகியிருக்கலாம், உள்ளே ஈரம் இறங்கியிருக்கலாம், அல்லது சாக்கெட்டே தளர்ந்து வேறு கருவிக்காகச் சூடேறியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் போட்ட புதுப் பிளக்கும் அதே வழியில் போகும்.

ஒயரின் உறை விறைத்து, வளைத்தால் வெடிக்கும் நிலைக்கு வந்த சரத்துக்கு எந்தப் பிளக்கும் வீண். மழை படும் இடத்தில் தொங்கும் 230 வோல்ட் சரத்துக்கும் வீட்டில் போட்ட ஒட்டு ஏற்றதல்ல. அத்தகைய சரத்தைக் கழிக்கும்போது, பிளக் நன்றாக இருந்தால் ஒரு முழம் ஒயரோடு வெட்டி எடுத்து, வெறும் பிளக்கா டையோடு பிளக்கா என்று சோதித்து, சீட்டு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.