கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. நீரா, அயனி நீக்கிய நீரா?

கழுவிய காரில் தண்ணீர் ஆவியானதும், அதில் கரைந்திருந்த கால்சியம், மக்னீசிய உப்புகளே வெண்புள்ளிகளாகத் தங்கிவிடுகின்றன. கருப்பு நிறக் காரில் இவை எடுப்பாகவே தெரியும். நீரை அழுத்தத்தில் வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வு உப்புகளில் பெரும்பகுதியை நீக்கினாலும், 1,000 டி.டி.எஸ். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் எனக் கரைந்த உப்புகளின் அளவு) கொண்ட ஆழ்துளைக் கிணற்று நீரில் 95 விழுக்காட்டை அகற்றிய பின்னும் 50 மிஞ்சும் என்பதால், வெயிலில் மங்கலான தடம் விழவே செய்யும். அயனிகளை, அதாவது கரைந்த உப்பின் மின்னேற்றத் துகள்களை, நீக்கும் பிசின் மணிகள் நிரப்பிய உருளையோ அந்த அளவைப் பூஜ்யத்துக்கு அருகே இறக்கிவிடுவதால், வண்டியைத் துடைக்காமலே உலரவிடலாம். ஆனால், கடின நீரை நேரடியாகச் செலுத்தினால் பிசின் விரைவில் தீர்ந்துவிடும். மாற்றும் செலவும் சிறிதன்று. ஆர்.ஓ.வில் கழிவுநீர் மிகுதி. நாள்தோறும் பல கார்களைக் கழுவும் நிலையம் ஆர்.ஓ.வை முதலிலும் பிசினை அதன் பின்னும் இணைப்பதே சரி. வீட்டிலுள்ள ஒரே காருக்கு, கடைசி அலசலுக்கு மட்டும், சிறு பிசின் உருளை போதும்.